காப்புக்கு முன் வர வேண்டிய விமானம்

"தூரம் 1,575 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 2 மணி 28 நிமிடம்." ஆங்கிலத்தில் இருக்கும் இந்த இரண்டு வரிகள் ஓர் இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதியில் உள்ளவை. தாளின் மேல் மூலையில் என் கையெழுத்தில் "ஆடி இரண்டாம் செவ்வாய், மாலை, அவர் வீட்டில்" என்று குறித்திருக்கிறேன். கனடாவின் வடகோடியில் இருக்கும் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான கணக்கு அது. ஊர்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே மனிதர்கள் குறைவு. ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். வடக்கே இருப்பதை மேல் ஊர் என்றும், அதற்குத் தெற்கே இருப்பதைக் கீழ் ஊர் என்றும் சொல்கிறேன். அந்தக் குடும்பமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

குடும்பம் என்றால் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய பழைய ஊரில் இருப்பவர்கள். எங்கள் மூன்று அடுக்குக் கட்டடம் நிற்பது அவர்கள் விற்ற நிலத்தில். விற்ற பிறகு பெரியவர் சாலையோரம் செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் வியாபாரம் ஆரம்பித்தார். மகளை நசரத்பேட்டையில் வீடு வாங்கியிருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரருக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பெரியவருக்கு ஒரே மகன். டிப்ளமோ முடித்துவிட்டுப் பாடியில் நான் ஆய்வுப் பிரிவில் இருந்த தொழிற்சாலைக்கே பயிற்சிக்கு வந்தவன். டீசல் எஞ்சின் என்றால் பசியை மறந்துவிடுவான். அங்கிருந்து வளைகுடா, வளைகுடாவிலிருந்து கனடா. ஊர் முழுவதற்கும் டீசல் எஞ்சின் வைத்துத்தான் மின்சாரம் எடுக்க வேண்டிய இடங்கள் அந்த வடகோடியில் உண்டு. அந்த எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல் ஊரில் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. செய்தி வந்தது ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால். அதன்பின் பத்து நாளுக்கு மேல் தாள்களிலேயே போயிற்று. சான்றிதழ், தூதரகம், காப்பீடு. அவ்வளவு நாளும் அவன் மேல் ஊரின் சிறிய மருத்துவமனையில் ஒரு குளிர் அறையில் இருந்தான்.

இங்கே அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் கோயில் கம்பத்திலும் பூசாரி, கோயில் தலைவர் கைகளிலும் கட்டிவிட்டால், அடுத்த ஞாயிறு அதை அவிழ்க்கும்வரை வெளியிலிருந்து பிணம் எதுவும் ஊர் எல்லைக்குள் வரக் கூடாது. ஊருக்குள்ளேயே யாராவது இறந்தால் மேளதாளம் இல்லாமல் எடுத்துவிடுவார்கள். வெளியே இறந்தவர்களுக்கு அந்த எட்டு நாள் வழியே கிடையாது. எல்லை என்பது ஏரிக்கால்வாயின் மேல் இருக்கும் சின்னப் பாலம். அதன் மேல் இன்று ஆட்டோக்களும் தண்ணீர் லாரிகளும் ஓடுகின்றன. பாலம் என்பதே பலருக்குத் தெரியாது. எங்கள் குடியிருப்பு பாலத்துக்கு வெளிப்பக்கம்.

அந்த ஆண்டு காப்பு, ஆடி இரண்டாம் செவ்வாயை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது.

செவ்வாய் மாலை பெரியவர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவதற்கு அந்தப் பத்து நாளும் நான் போய் வந்துகொண்டிருந்தேன். முன்னறையில் கோயில் தலைவர் உட்கார்ந்திருந்தார். பெரியவருக்கு மச்சான் முறை; சிறுவயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். மாப்பிள்ளை மடிக்கணினியோடு ஓரமாக இருந்தார். பெரியவரின் மனைவி சமையலறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

கோயில் தலைவர்தான் ஆரம்பித்தார்.

"ஒரு வாரம் தள்ளி வெச்சிக்கலாம் மச்சான். ஆடில இன்னா, ஞாயித்துக்கெழமைக்கா பஞ்சம்? பையன் வரட்டும், எடுத்துடலாம், அப்பால காப்பு கட்டிக்கலாம். நான் சொன்னா ஒருத்தன் எதிர்த்துப் பேச மாட்டான்."

"பேச மாட்டான். மனசுக்குள்ள வெச்சிப்பான்" என்றார் பெரியவர். "மைக் செட்டு, மோளம், பூக்காரன் எல்லாத்துக்கும் சொல்லியாச்சி. கட்டிக்குடுத்த பொண்ணுங்க எல்லாம் மாமியா ஊட்ல சொல்லிட்டு கெளம்பி வருதுங்க. என் ஊட்டு எழவுக்கு ஊரையே நிறுத்தி வெச்சான்னு பேரு வாணாம்."

"யோவ், எவன்யா சொல்லுவான்?"

"நீயே சொல்லுவ. ரெண்டு வருஷம் கழிச்சி, ஏதாவது சண்டைல."

கோயில் தலைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அலுவலகத்தில் அச்செடுத்து வந்தது. அதுதான் இப்போது என்னிடம் இருக்கும் தாள்.

"மாமா, பயப்படாண்டாம். புதன்கெழம மேல் ஊர்ல பிளேன்ல ஏத்துதோம்னு கம்பெனி மெயில் போட்டிருக்கான். அங்கேருந்து கீழ் ஊருக்கு ரெண்டரை மணி நேரந்தான், இந்தா பாருங்க. கீழ் ஊர்லேருந்து தெக்க பெரிய சிட்டிக்கு தெனமும் பிளேன் இருக்கு. அங்க ஒரு நாளு, உடம்பப் பதப்படுத்துற வேலை. வெள்ளிக்கெழம ராத்திரி ஏத்துனா ஞாயித்துக்கெழம விடியுறதுக்கு முன்னால மீனம்பாக்கம் வந்துரும்லா."

"ரெண்டரை மணி நேரமா?" கோயில் தலைவர் தாளைக் கையில் எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரு. நம்மாளு பூந்தமல்லில பஸ் ஏறி பாடி மேம்பாலத்தாண்ட எறங்கறதுக்குள்ள அங்க பிளேனு போய் நின்னுடும்ன்ற?"

"ஆமா மாமா."

"அப்ப அங்க மெட்ரோ தோண்டல."

பெரியவர் சிரித்துவிட்டார். செய்தி வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. உடனே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு விமான நிலையங்களின் பெயர், நடுவே ஒரு வளைகோடு, தூரம், நேரம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாருடைய விமானம் என்பது எதுவும் இல்லை.

"இதுல புறப்படற நேரம் ஒண்ணும் போடலையே?" என்று கேட்டேன்.

"சார், புறப்படுறது கம்பெனி சொல்லிட்டான், புதன்கெழம. தூரம் எங்கயும் ஓடிப் போவாதுல்லா" என்றார் மாப்பிள்ளை.

அது சரியாகத்தான் பட்டது. கம்பெனிக்கு வழித்தடத்தைக் கேட்டு ஒரு கடிதம் போடலாம் என்றேன். போடுங்கள் என்றார்கள். அன்றிரவே போட்டேன். பதில் வரவில்லை.

அப்போது பெரியவரின் மனைவி நிலையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசாதவர். அன்று பேசினார்.

"ஞாயித்துக்கெழம காலைல என் புள்ள என் ஊட்டுக்குள்ள வந்துடுவானா? மத்தது எதுவும் எனக்கு வாணாம். வாசப்படி தாண்டி உள்ள வந்து, இந்தக் கூடத்துல ஒரு அர நாளு படுத்துகினு இருந்துட்டுப் போவட்டும். அத்த மட்டும் சொல்லு."

"வந்துருவான் அத்தை."

பெரியவர் கோயில் தலைவர் பக்கம் திரும்பினார். "காலைல கட்டற காப்ப சாயங்காலம் கட்டு. அர நாளு குடு, போதும். மத்தியானத்துக்குள்ள எடுத்துடறோம். ஒரு வாரம்லாம் வாணாம்."

ஒரு வாரமே தரத் தயாராக வந்திருந்த மனிதரிடம் அரை நாள் மட்டும் கேட்டார். கோயில் தலைவர் இரண்டு மூன்று தடவை "நல்லா யோசிச்சிக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி ஒரு வரிச் செய்தி வந்தது: விமானம் மேல் ஊரிலிருந்து புறப்பட்டுவிட்டது. மாப்பிள்ளை அதை அப்படியே எனக்கும் அனுப்பியிருந்தார். இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடத்தைக் கூட்டி, கீழ் ஊரில் இந்நேரம் இறங்கியிருக்கும் என்று வியாழன் காலை எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இறங்கியது என்று யாரும் செய்தி அனுப்பவில்லை. அனுப்பவில்லையே என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நேரம்தான் தாளிலேயே இருந்ததே.

இதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவரும் சாலைத் தூரத்தை வைத்து நேரம் சொல்ல மாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆவடிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், எப்போது என்று திருப்பிக் கேட்பார்கள். ஷிப்ட் விடும் நேரமா, மழையா, ரயில்வே கேட் மூடியிருக்கிறதா என்பார்கள். கைபேசியில் வரைபடம் காட்டும் நேரத்தைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நாங்கள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்து, யாரும் பார்த்திராத ஒரு வானத்துக்கு அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டோம். அங்கே சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, நேராகப் போகும் என்று நினைத்தோம்.

வெள்ளியும் சனியும் அந்த வீட்டில் ஏற்பாடுகள் நடந்தன. கூடத்தில் இருந்த கட்டிலை வெளியே எடுத்தார்கள். தொலைக்காட்சியை உள்ளறைக்கு மாற்றினார்கள். கதவை ஒட்டி இருந்த கண்ணாடி அலமாரி பெட்டி திரும்புவதற்கு இடைஞ்சல் என்று அளந்து பார்த்து நகர்த்தினார்கள். வாசலில் சாமியானா போட்டாயிற்று. மாப்பிள்ளை தெற்கு நகரத்திலிருந்த கம்பெனி அதிகாரியை வெள்ளிக்கிழமை முழுக்கத் தொலைபேசியில் தேடினார். பதிவு செய்த குரல் மட்டும் பேசியது.

சனிக்கிழமை மாலை, கோயிலில் ஒலிபெருக்கி கட்டிச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனியின் கடிதம் வந்தது. மாப்பிள்ளை அதை என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். மாமனார் வீட்டுக்குப் போகவில்லை.

கடிதத்தின் சாரம் இது. மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நேர் விமானம் கிடையாது. இருப்பது ஒரு சிறிய விமானம். முன்பாதியில் சரக்கு, பின்பாதியில் ஆட்கள். வாரம் இரண்டு நாள், வழியில் வேறு இரண்டு ஊர்களில் இறங்கி ஏறிப் போகும். புதன்கிழமை அந்த இரண்டில் முதலாவது ஊரில் இறங்கியபோது அடுத்த ஊரில் கடல்மூடுபனி. அங்கே இறங்க முடியாமல் திரும்பி வர நேரலாம் என்பதால் கூடுதல் எரிபொருள் ஏற்றிக்கொண்டு, எடையைக் குறைக்கச் சரக்கில் சிலவற்றை அங்கேயே இறக்கிவிட்டார்கள். இறக்கியதில் ஒன்று அந்தப் பெட்டி. அடுத்த விமானம் சனிக்கிழமை. தாமதத்துக்கு வருந்துகிறோம்.

பனி என்றதும் எனக்கு வெள்ளை நிலம்தான் மனதில் வந்தது. அங்கே அப்போது கோடை. பனிக்கட்டி உருகிய கடலிலிருந்து எழும் புகைமூட்டம் அது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். அதே இணையப் பக்கம். சேலம் என்று தட்டினார், தூத்துக்குடி என்று தட்டினார். தூரம், வளைகோடு, பறக்கும் நேரம் எல்லாம் வந்தன. ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

"எங்க ஊரு சார். தூத்துக்குடிலேருந்து சேலத்துக்கு ஏது பிளேன்? நான் பஸ்ஸுல ராத்திரி பூரா கெடந்துல்லா வந்திருக்கேன்." கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "எந்த ரெண்டு ஊரப் போட்டாலும் இது சொல்லும். தூரத்த வேகத்தால வகுத்து அர மணி நேரம் சேக்கும், அவ்வளவுதான். பிளேன் இருக்கா இல்லையான்னு இதுக்குத் தெரியாது. நான் இந்த வேலைதான சார் பாக்கேன்? இந்த மாதிரிப் பக்கம் எப்படிச் செய்யுவான்னு எனக்குத் தெரியும் சார்."

அவர் மாமனாரிடம் போய்ச் சொல்லும்போது உடன் போனேன்.

பெரியவர் முழுவதையும் கேட்டார். இனி எப்போது என்றார். எல்லாம் சரியாக நடந்தால் வியாழன் விடியற்காலை என்றார் மாப்பிள்ளை. இப்போதாவது கோயில் தலைவரிடம் பேசலாமே என்று நான் சொன்னேன். வெளியே ஒலிபெருக்கியில் ஒருவன் எண்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"கேட்டா குடுப்பான் சார். குடுத்ததத்தான் வாணாம்னுட்டேனே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் குழப்பம் எதுவும் தெரியாத ஃப்ரீசர் பாக்ஸ்காரர் சொன்ன நேரத்துக்குச் சரியாக வண்டியில் வந்து இறங்கினார். அவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் நினைவில்லை. கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டியை வைத்து, ஒயரை நீட்டிச் செருகிவிட்டார். பெட்டி உறும ஆரம்பித்தது. அதன் பிறகுதான் உள்ளே வைக்க ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"சும்மா ஓடுது. ஆப் பண்ணிட்டு எத்துகினு போயிடட்டாமா?"

"இருக்கட்டும். சில்லுனு ஆவட்டும்" என்றார் பெரியவரின் மனைவி.

மதியம் தாண்டியும் அந்தப் பெட்டி ஓடியது. கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து வழிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலைகளை அதன் மேலே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் ஒருவர் இரண்டையும் மாறி மாறிச் செய்தார்.

மாலையில் கோயில் தலைவர் வந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். தீட்டு வீடு என்று உள்ளே வராமல் சாமியானாவுக்கு வெளியே நின்றார். பெரியவர் எழுந்து அவரிடம் போனார்.

"சொல்லு மச்சான். இப்ப கூட நிறுத்திடறேன். உன் வாயால சொல்லு."

"ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்களா?"

"வந்துகினு கீறாங்க."

"அப்பறம் இன்னா, போய்க் கட்டு."

"மச்சான்…"

"போ, டைம் ஆவுது. கட்டு."

கோயில் தலைவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். சற்று நேரத்தில் பம்பை அடிக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் அந்த அம்மா எழுந்து சுவரிலிருந்த பெட்டியின் சுவிட்சைத் தானே அணைத்தார்.

திங்களும் செவ்வாயும், வந்தால் எங்கே வைப்பது என்பதுதான் பேச்சு. விமான நிலையத்திலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விடலாம் என்று சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். சுடுகாடும் எல்லைக்கு வெளியேதான். இத்தனை நாள் குளிர் அறையில் கிடந்தவனைக் காப்பு அவிழும் ஞாயிறுவரை மறுபடி ஒரு பிணவறையில் வைக்க யாருக்கும் மனமில்லை. யார் எதைச் சொன்னாலும் பெரியவர் சரி என்று தலையாட்டினார். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளம், கார் நிறுத்தும் இடம், பாலத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிறது என்பதை நான்தான் குடியிருப்போர் சங்கத்தில் எழுப்பினேன்.

எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்று நடந்ததை முழுக்க எழுதுவது நியாயமில்லை. பயந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். குழந்தைகள் பள்ளி வேனுக்கு அங்கேதான் நிற்பார்கள் என்றார் ஒருவர். தண்ணீர்த் தொட்டி அங்கேதானே இருக்கிறது என்றார் இன்னொருவர். மேல்தளத்தில் நிறைமாத கர்ப்பிணி ஒருவர் இருந்தார். கடைசியில் செயலாளர் என் வீட்டுக்கே வந்தார்.

"சார், ஒரு மணி நேரம். பின் கேட்டு வழியா வந்து, விசிட்டர்ஸ் பார்க்கிங்ல. மேளம், வெடி எதுவும் வேண்டாம். முடிஞ்சதும் கழுவி விட்டுடணும். எனக்கு வீட்லயே ரெண்டு நாளா திட்டு சார், இதுக்கு மேல என்னால முடியாது."

அவரால் முடிந்தது அது. வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சரக்கு முனையத்தில் தாள் வேலை முடிந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்கு முற்பகல் ஆகிவிட்டது. பின் கேட் வழியாக உள்ளே வந்து, வெள்ளைக் கோடு போட்ட இரண்டு கார் இடங்களுக்குக் குறுக்கே நின்றது. மரப்பெட்டியை இறக்கி மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்கள் மேல் வைத்தார்கள். திருகாணிகளைக் கழற்ற எங்கள் கட்டட எலக்ட்ரீஷியன் கருவிப் பையோடு வந்தார். உள்ளே தகரப் பெட்டி. அதை வெட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது. மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

பெரியவர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"வித்த எடத்துல கையக் கட்டிகினு நிக்கறேன் பாரு சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "தப்பா சொல்லல. நீங்க செஞ்சது பெருசு" என்றார்.

அந்த அம்மா பாலத்தைத் தாண்டி நடந்து வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், இன்னொன்றில் சீயக்காய். குளிப்பாட்ட முடியாது, உடம்பில் மருந்து ஏற்றியிருக்கிறது, கை வைக்காமல் இருப்பது நல்லது என்று ஆம்புலன்சோடு வந்தவர் சொன்னார். அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, எண்ணெயில் மூன்று விரல்களைத் தோய்த்து மகனின் உச்சந்தலையில் மட்டும் வைத்தார். முடி புதிதாக வெட்டப்பட்டிருந்தது. அங்கே யாரோ வாரியும் விட்டிருந்தார்கள், வகிடு தவறான பக்கத்தில். அதை அவர் விரலால் மாற்றிவிட்டார். சீயக்காய்க் கிண்ணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற ஒரு கார் மேல் வைத்தார்.

கோயில் தலைவர் பாலத்தின் அந்தப் பக்கம்வரை வந்து நின்றார் என்று பிறகு சொன்னார்கள். கையில் காப்பு கட்டியவர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. செயலாளர் வந்து அவசரப்படுத்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டருகே நின்றார். ஊர்வலம் இல்லாமல் அதே ஆம்புலன்ஸில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மதியம் கோயிலில் பாட்டுப் போட்டார்கள். சத்தத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்திருந்தது என் வீட்டிலிருந்தே தெரிந்தது.

காரியம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் எங்கள் குடியிருப்பின் படி ஏறியவர் அல்லர். உட்காரச் சொன்னேன்; நின்றபடியே கேட்டார்.

"நடுவுல ஒரு ஊர்ல எறக்கி வெச்சாங்கன்னு சொன்னீங்களே சாரு. புதன்கெழமலேர்ந்து சனிக்கெழம வரைக்கும். அங்க எங்க வெச்சிருந்தாங்க?"

தெரியாது என்றேன்.

"ஊட்டுக்குத்தான் வரல, சரி, அது போச்சி. மூணு நாளு அவன ஒத்தையாவா வுட்டு வெச்சிருந்தாங்க? பக்கத்துல யாருனா ஒக்காந்துகினு இருந்தாங்களா? எங்கள்ல பொணத்த ஒரு நிமிஷம் தனியா வுட மாட்டோம் சாரு, தெரியுமில்ல? அத்த மட்டும் எழுதிக் கேட்டு சொல்லுங்க."

எழுதினேன். கம்பெனிக்கு எழுதியதற்கு, உரிய மரியாதையுடன் பாதுகாப்பான இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று பதில் வந்தது. எந்த இடம் என்று மறுபடி கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த இடை ஊரின் விமான நிலையம் என்பது ஓர் அறையும் ஒரு கொட்டகையும் என்று படங்களில் தெரிகிறது. அதன் முகவரிக்கு இரண்டு கடிதங்கள் அஞ்சலில் அனுப்பினேன். ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்றைப் பற்றித் தகவல் இல்லை.

பிறகு, மேல் ஊரில் அவனோடு வேலை செய்த ஒருவர் மாப்பிள்ளைக்கு எழுதினார். அவர் பின்னொரு நாள் அதே விமானத்தில் அந்த இடை ஊரில் இறங்கி ஏறியபோது அங்கே சொல்லக் கேட்டதாம். பெட்டியைக் கொட்டகையில் வைக்க மனமில்லாமல், சரக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் அதை ஊர்க் கூடத்துக்குக் கொண்டுபோகச் செய்தாராம். விமானம் வரும்வரை அந்த ஊர்க்காரர்கள் முறை வைத்து அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்களாம். யார் சொன்னார், சொன்னவர் பார்த்தவரா என்று அவர் எழுதவில்லை. நான் கேட்டு எழுதியபோது அவர் அங்கே வேலையை விட்டுப் போயிருந்தார்.

இதை அந்த அம்மாவிடம், கேள்விப்பட்டது என்று சொல்லித்தான் சொன்னேன்.

"ராத்திரியும் இருந்தாங்களாமா?"

அந்த மாதத்தில் அங்கே இருட்டுவதே இல்லை என்றேன். அது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

"சரி. ஆளு இருந்தாங்களான்னு தெரிஞ்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

இதை எழுதும்வரை தெரியவில்லை. புதன்கிழமை பெட்டியை இறக்கியதற்கும் சனிக்கிழமை மறுபடி ஏற்றியதற்கும் கம்பெனியின் எழுத்து ஆதாரம் உண்டு. இடைப்பட்ட நாட்களில் அது இருந்த இடத்துக்கும், அதன் அருகில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கும் இதுவரை ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.